காது கொடுத்தவர்களுக்கு நன்றி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, மீனாட்சிபுரம் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்து தோள் கொடுத்த நண்பர்களுக்கும் அன்பான வணக்கம்.

இந்த வருட வாசிப்பு வாரம் நல்லபடியாக முடிந்தது. நன்றி சொல்ல ஒரு கூட்டம் போடலாம், மைக் செட் பிடிக்கலாம், உதவியவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். ஒரு பொன்னாடை வாங்குகிற காசுக்குக் கதைப் புத்தகம் எத்தனை வரும் என்று ஒரு டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டியதும் பேச்சு முடிந்தது. அதனால்தான் இந்த மடல்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் வழிப் பள்ளிகளில் கீழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் சிலர் நாங்கள். லெட்டர்பேடு, முத்திரை, பொருளாளர் எதுவும் கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, எந்தப் பிள்ளை படிக்கும்போது எங்கே தட்டுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று பேசுவோம், அவ்வளவுதான். இதற்கு விதை போட்டவர் ஓய்வு பெற்ற ஒரு மாஷ், அதாவது வாத்தியார். 1956 இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச வாசிப்புச் சங்கத்தைப் பற்றி அவர்தான் சொன்னார். வாசிப்பு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சின்னச் சின்ன கவுன்சில்களாகக் கூடுவார்களாம். 2015 இல் அந்தச் சங்கம் பெயரிலிருந்த வாசிப்பை எடுத்துவிட்டு எழுத்தறிவு என்று வைத்துக்கொண்டது. பெயர் எதுவாக இருந்தால் என்ன, அந்த வேலை நமக்கும் வேண்டியதுதானே என்றார் மாஷ். முதல் நன்றி அவருக்கு. அவர் மலையாளி. தமிழ் எழுத்தை எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்போதுதான் படிக்கிறார்.

இங்கே பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில் குறை இல்லை. 1991 ஏப்ரல் 18 அன்றே முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்துக்கொண்ட கேரளத்தில் அந்தக் குறை இருக்கவும் கூடாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஆனால் படி இறங்கினால் பஸ் போர்டு மலையாளம், ஆபீஸ் பலகை மலையாளம். டிவி தமிழ்தான், அதில் படிக்க என்ன இருக்கிறது? பாடப்புத்தகத்தை விட்டால் தமிழ் எழுத்து கண்ணில் படுவதே குறைவு. அப்பா தென்னை மரத்தில், அம்மா செங்கல் சூளையிலோ தோட்டத்திலோ. சாயங்காலம் பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை.

எங்களுக்குப் புரிந்தவரை படிக்கிற பிள்ளைக்குப் புத்தகத்துக்கு முன்னால் தேவைப்படுவது அந்த ஆள்தான். புத்தகம் எப்படியாவது வந்து சேரும். பக்கத்தில் உட்கார்ந்து “உம், அப்புறம்?” என்று கேட்கிற ஆளைத்தான் நாங்கள் வீடு வீடாகத் தேடினோம். கிடைத்தவர்களுக்குத்தான் இந்த மடலில் பெரும் பங்கு.

கடைவீதித் தையல்கடை அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். அவருக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அதுதான் எங்களுக்கு வேண்டும் என்றோம். பள்ளி விட்டதும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பான். அண்ணன் மிதித்துக்கொண்டே கேட்பார். ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். ‘கொக்கு’ என்ற சொல் வந்தது. பையனின் விரல் ஒற்றைக் கொம்பின் மேல் நின்றுவிட்டது. “கெ...” என்றான். விரல் நகர்ந்து காலுக்கு வந்தது. “கெ... கா...” என்றான். மிஷின் நின்றது. அண்ணன் குனிந்து பார்த்து, “எங்க எழுத்துலயும் கொம்பு முன்னாடி, கால் பின்னாடிதான். ரெண்டும் சேர்ந்து எங்களுக்கு கொ. உனக்கு என்ன?” என்று கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே “கொக்கு!” என்று கத்தினான். மிஷின் மறுபடி ஓடியது. நான் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதி விளக்கியிருப்பேன். அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

தமிழுக்கு 247 எழுத்து என்று ஊருக்கே தெரியும். பிள்ளைகள் தட்டுகிற இடங்கள் சில மட்டும்தான். மேலே சொன்ன கொம்பும் காலும் ஒன்று. ‘கௌ’வில் கடைசியில் இருப்பது ‘ள’ போலவே இருப்பதால் ‘கெள’ என்று பிரித்துப் படிப்பது இன்னொன்று. இந்தப் பக்கத்துக்கென்றே ஒன்று உண்டு. மலையாளத்தில் நாலு வகைக் ககர ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் ஒரே ‘க’தான் கண்ணனுக்கும் தங்கத்துக்கும். இரண்டையும் ஒரே வருடத்தில் பழகுகிற பிள்ளை தங்கத்தில் வந்து நிற்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிற பெரியவர்கள் ஒரே வாரத்தில் இரண்டு எழுத்து முறை பழகிப் பார்க்கட்டும்.

கள் இறக்கும் அப்பாக்கள் சிலர் சாயங்கால மரம் முடித்து இறங்கி வந்து, பாளை சீவும் கத்தியைத் தீட்டிக்கொண்டே பிள்ளை படிப்பதைக் கேட்டார்கள். “தூங்கிடுவேனுங்க டீச்சர்” என்று முதலிலேயே எச்சரித்தவரும் உண்டு. தூங்கினால் எழுப்பச் சொல்லிப் பிள்ளையிடம் சொல்லியிருந்தோம், எழுப்பியும் இருக்கிறார்கள். தொழிலுறப்பு என்கிற வேலை உறுதித் திட்ட வேலைக்குப் போகிற அக்காமார் சாப்பாட்டு இடைவேளையில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை கேட்டார்கள். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

வாயனசாலை, அதாவது ஊர் நூலகம், இல்லாவிட்டால் வாசிப்பு வாரமே இல்லை. 1945 இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி ஆரம்பித்த கிரந்தசாலை சங்கத்தின் வழியில் வந்ததுதான் இந்த ஊர் வாயனசாலைகள். அவர் மறைந்த ஜூன் 19 தான் கேரளத்தில் வாசிப்பு நாள், அதிலிருந்து ஒரு வாரம் வாசிப்பு வாரம். எங்கள் ஊர் வாயனசாலையில் தமிழுக்கென்று ஒரு அலமாரி இருந்தது. அதன் மேல் சதுரங்கப் பலகையும் உடைந்த கேரம் போர்டும் குவிந்து கிடந்தன. செயலாளர் சேட்டனிடம் போய்க் கேட்டோம். அவர் மறுபேச்சு பேசாமல் தானே ஏறி இறக்கிவைத்தார். அப்புறம் சாவியைக் கையில் கொடுத்தார். அந்தச் சாவியைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி அனுமதி தருகிற ஊர்களைப் பார்த்திருக்கிறோம்.

அலமாரி நிரம்பியது பொள்ளாச்சியிலிருந்து வந்த பெட்டிகளால். ஓய்வு பெற்ற ஒரு வங்கி ஊழியர் தன் பிள்ளைகள் படித்து வளர்ந்த பழைய சிறுவர் பத்திரிகைகளைக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். ஆசையாகத் திறந்த பிள்ளைகள் விழித்தார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அது. ‘லை’, ‘ணை’ எல்லாம் தும்பிக்கை தூக்கி நின்றன. ‘றா’, ‘னா’வுக்குக் கால் தனியாக இல்லாமல் சுழித்துக்கொண்டு கிடந்தது. தூக்கிப் போடலாமா என்று யோசித்த நேரத்தில், பேத்தியைக் கூப்பிட வந்த ஒரு பாட்டி இதழை வாங்கிக் கடகடவென்று படிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது வரை பள்ளிக்கூடம் போனவராம். புதுப் புத்தகத்து எழுத்துதான் அவருக்குக் குழப்பம். அன்றிலிருந்து ஒரு பக்கம் பாட்டி, ஒரு பக்கம் பேத்தி என்று மாறி மாறிப் படிக்கிறார்கள். பாட்டிக்கு ஒரு வேண்டுகோள்: பேத்தி தடுமாறும்போது தலையில் குட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழசு மட்டும் போதாது என்று புதுக் கதைகளுக்கு ஸ்டோரிவீவர் என்கிற இணையதளத்தைப் பிடித்தோம். சிறுவர் நூல்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கியது அது. யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு தமிழிலும் படக்கதைகள் கிடைக்கின்றன. அச்சகத்து அண்ணன் காகிதத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தார். எழுத்தைப் பெரிதாக்கு, வரிக்கு நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம், சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளாதே என்று நாங்கள் கொடுத்த தொல்லையை வேறு யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துக் கழித்த அட்டைகளை வெட்டி எழுத்தட்டை செய்யச் சொன்னதும் அவர்தான். முன்பக்கம் ‘ழ’, பின்பக்கம் யாரோ ஒரு மணமகனின் பெயரில் பாதி.

அந்த அட்டைகளைப் பள்ளி முற்றத்தில் பரப்பினோம். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் வேலி தாண்டிப் பறந்தன. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார் வீட்டுக்கு ஓடித் துணிக் கிளிப்புகளை வாரிக்கொண்டு வந்து, கொடிக்கயிறு கட்டி எழுத்துகளைத் துணி காயப்போடுவது போல மாட்டினார்கள். பார்த்தால் நாங்கள் திட்டமிட்டதை விட அதுதான் நன்றாக இருந்தது. பிள்ளைகள் கயிற்றடியில் நடந்து எழுத்தைப் பறித்துச் சொல் சேர்த்தார்கள். அந்தக் கிளிப்புகளில் பாதி இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன, அக்கா. வந்து சேரும்.

ஊருக்கு ஊர் புத்தகப் பையைக் கொண்டு சேர்த்தது பால் சொசைட்டி வண்டி. டிரைவர் தம்பி வாடகை கேட்கவில்லை. ஒரு பை மட்டும் மழையில் நனைந்து வந்தது. அதற்கு அவர் பட்ட வருத்தத்தைப் பார்த்து நாங்கள்தான் சமாதானம் சொன்னோம். பொள்ளாச்சிப் பக்கத்து ஆசிரிய நண்பர்கள், தமிழ்நாட்டில் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2022 இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக் கையேடுகளைக் கொண்டுவந்து எங்களோடு உட்கார்ந்து எது இங்கே ஒத்து வரும், எது வராது என்று பிரித்துக் கொடுத்தார்கள். அங்கன்வாடி டீச்சர்கள் தடுப்பூசி நாளில் கைக்குழந்தைகளோடு வரும் அம்மாக்களுக்கு ஆளுக்கொரு படப்புத்தகம் கொடுத்தார்கள். ஊசி போட்ட பிள்ளை அழுகையை நிறுத்த அது உதவியதாகக் கேள்வி.

பெரிய தொகை தருகிறேன் என்று ஒருவர் வந்தார். எல்லாப் புத்தக அட்டையிலும் தன் படம் வர வேண்டும் என்றார். சரி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவருக்கும் நன்றி, வந்து கேட்டதற்கு.

இதனால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு: பிள்ளைகளுக்குப் படிக்க வருகிறதா என்று 2005 முதல் நாடு முழுக்கக் கிராமங்களில் பார்க்கும் அசர் ஆய்வில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படி வைத்துப் பார்ப்பார்கள். நாங்களும் அதே படிகளை வைத்துத்தான் பார்க்கிறோம். சொல்லோடு நின்றிருந்த பிள்ளைகள் பலர் பத்திக்கு ஏறியிருக்கிறார்கள். கதைக்கு வராதவர்களும் இருக்கிறார்கள், மழைக்காலம் முழுக்க அவர்களோடுதான் வேலை. தையல்கடைப் பையன் கதைக்கு வந்துவிட்டான். இப்போது தம்பியைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைக்கிறான். அண்ணன் இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாளுக்கு வாயனசாலையில் மறுபடி கூடுகிறோம். இந்த முறை பெரியவர்கள் படிக்க, பிள்ளைகள் கேட்பார்கள். படிக்கத் தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம், பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும். வரவு செலவுக் கணக்கு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று. வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகங்களில் சில இன்னும் திரும்பவில்லை. பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் இருக்கட்டும், அவசரமே இல்லை. டிவிக்கு மேலே கிடந்தால் மட்டும் பால் வண்டியில் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
வாசிப்பு ஆசிரியர்கள் சார்பாக ஒரு டீச்சர்,
கொழிஞ்சாம்பாறை