எலியாவை முதலில் தூங்கவிட்டார்

அன்புள்ள மகளுக்கு,

சென்ற முறை போனில் பேசியபோது நீ சொன்னாய்: "ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை அப்பா. கடமைக்குச் செய்கிற மாதிரி இருக்கிறது. அதனால் விட்டுவிட்டேன்." ஒன்றும் வருவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. விட்டுவிட்டேன் என்கிற இடத்தில்தான் உன்னோடு எனக்கு வழக்கு. இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ "சரி அப்பா, சரி அப்பா" என்று நாலு முறை சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

கடமைக்குச் செய்வது மட்டமான காரியம் என்று உனக்கு யார் சொன்னது? பல் துலக்குவதற்கு உள்ளம் பொங்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. தானியேலைப் பார். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாளைக்கு விண்ணப்பம் பண்ணக் கூடாது, மீறினால் சிங்கக்கெபி என்று சட்டம் வந்துவிட்டது. செய்தி கேட்டதும் அவன் வீட்டுக்குப் போய், மேலறையில் முழங்காற்படியிட்டு, "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் ஜெபம்பண்ணினான் என்று எழுதியிருக்கிறது. அவசரத்துக்குப் புதிதாக ஒரு உபவாசக் கூட்டம் அவன் கூட்டவில்லை. பழகிய இடம், பழகிய நேரம், பழகிய முழங்கால். அன்று அவன் மனம் நெகிழ்ந்திருந்ததா, வறண்டிருந்ததா என்று வேதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டது போலிருக்கிறது.

ஆனால் உன் குரலைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தவன் தானியேல் அல்ல, எலியா தீர்க்கதரிசி. ஞாயிறுபள்ளியில் கர்மேல் மலையையும் வானத்திலிருந்து இறங்கிய அக்கினியையும் படம் வரைந்து படித்திருப்பாய். அதற்கு அடுத்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகச் சொல்லித்தருவதில்லை. பெரியவர்களுக்குத்தான் அது வேண்டியிருக்கிறது. 1 இராஜாக்கள் 19. அக்கினியை இறக்கின அதே மனிதன் ராணி யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறான்.

இனி என்ன நடக்கிறது என்று மெதுவாகப் படி. தேவதூதன் வருகிறான். பிரசங்கம் செய்யவில்லை. "உன் விசுவாசம் எங்கே?" என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிடுகிறான், குடிக்கிறான், மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் கண்டிப்பு இல்லை. தூதன் இரண்டாந்தரம் வருகிறான், மறுபடியும் சாப்பாடு. இந்த முறை ஒரு காரணமும் சொல்கிறான்: நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேள்வியே வருகிறது: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" எலியா தன் குறையைக் கொட்டுகிறான். காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோய், அமர்ந்த மெல்லிய சத்தம் வந்த பிறகு அதே கேள்வி மறுபடியும். அவனும் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் அதே புலம்பலைத் திரும்பச் சொல்கிறான். "இதைத்தான் முன்பே சொன்னாயே" என்று கர்த்தர் அவனைத் தடுக்கவில்லை. எவ்வளவு பொறுமை பார். நானாக இருந்தால் தடுத்திருப்பேன்.

ஆகவே முதலில் உன் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கேட்கிறேன். நள்ளிரவு தாண்டி வேலை, அதற்குப் பிறகு படுக்கையில் போன், காலையில் எதையோ விழுங்கிவிட்டு ஓட்டம். இப்படி இருந்துகொண்டு "ஆவிக்குரிய வாழ்க்கை வறண்டுவிட்டது" என்றால், எது வறண்டது என்று உன்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. புயலில் படகு நிறையத் தண்ணீர் ஏறும்போதும் இயேசு தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். தலையணை வரைக்கும் குறித்துவைத்திருக்கிறார். தூங்குவதும் விசுவாசம்தான். நான் படுத்துவிட்டாலும் உலகத்தை நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வதுதானே அது.

காலையில் வேதம் எடுப்பதற்கு முன்னால் போனை எடுக்காதே. முடிந்தால் இரவிலேயே அதை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, எழுவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வைத்துக்கொள். ஐம்பது பேருடைய கவலையும் கோபமும் கொண்டாட்டமும் உன் கண்ணில் விழுந்த பிறகு உன் மனம் ஜெபத்துக்குத் திரும்பாது. திரும்பவில்லை என்று அதன் மேல் குறை சொல்வதும் நியாயம் இல்லை. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார். முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பட்டணத்தார் எல்லாரும் அவர் இருந்த வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள் என்று அதற்கு மேலேயே இருக்கிறது. விடிந்தால் மறுபடியும் அவரைத் தேடுவார்கள். தேடவும் செய்தார்கள். அதற்கு முன்னால் அவர் பிதாவோடு இருந்துவிட்டு வந்தார்.

எவ்வளவு வாசிப்பது? கொஞ்சம். வேதம் முழுவதையும் ஒரு வருஷத்தில் முடிக்கும் அட்டவணை நல்லதுதான், ஆனால் உன் இப்போதைய நிலைக்கு அது வேண்டாம். லேவியராகமத்தில் நின்றுவிட்டு, நின்றுவிட்டோமே என்று நொந்துகொள்வாய். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் 52 வாரத்தில் கணக்கு சரியாக முடிகிறது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும், விட்டுப்போனதைப் பிடிக்க. அதுவும் அதிகம் என்றால் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களோடு தொடங்கு. கொஞ்சம் சத்தமாக வாசி. கண் தாவிப்போகும் இடத்தை நாக்கு தாவ முடியாது.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் காலைதோறும் பூப்படத்தோடு வரும் வசனத்தையே அன்றைய தியானம் என்று கணக்கில் வைக்காதே. (உன் பெரியப்பா அனுப்புவதை மட்டும் பார்த்துவிட்டதாகப் பதில் போட்டுவிடு, இல்லையென்றால் என்னிடம் விசாரிப்பார்.) அப்படி அதிகமாக வருவது எரேமியா 29:11. "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்பது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் படத்தில் போடுவதில்லை. எழுபது வருஷம் ஆகும் என்று அதில் இருக்கிறது. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பின கடிதம். "இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும்" என்று அனனியா என்கிற தீர்க்கதரிசி ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்த காலம். எரேமியா என்ன எழுதினார் தெரியுமா? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள். நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள். அதற்குச் சமாதானம் இருக்கையில் உங்களுக்கும் சமாதானம் இருக்கும்.

தூரத்தில் இருக்கிற உனக்கு இதைவிட நல்ல கடிதத்தை நான் எழுதப்போவதில்லை. நீ போன நாள் முதலாக அந்த ஊரை ஒரு காத்திருக்கும் அறையாகவே நடத்துகிறாய். இன்னும் பிரிக்காத பெட்டிகள், பெயர் தெரியாத பக்கத்து வீட்டார், போனால் போகலாம் என்கிற சபை. பெட்டியைப் பிரி. ஜன்னலில் ஒரு செடி வை. தினமும் ஒரு வேளை, அந்தப் படிக்கட்டில் உனக்கு எதிர்ப்படுகிறவர்களுக்காக, பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லி, தெரியாவிட்டால் முகத்தை நினைத்து ஜெபி. உன் கவலையை மட்டுமே சுற்றிச் சுற்றி வரும் ஜெபம் சில சமயம் கவலைப்படுவதற்கு இன்னொரு வழியாகிவிடுகிறது. வேறொருவர் பெயரைச் சொன்னதும் அந்தச் சுற்று அறுபடும்.

வார்த்தையே வரவில்லை என்கிற நாளைக்கு சங்கீதம் 13. ஆறே வசனம். அதில் நாலு தடவை "எதுவரைக்கும்" என்று தாவீது கேட்கிறார். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர் என்று நேராகவே கேட்கிறார். நம் சபையில் யாராவது இப்படிச் சத்தமாக ஜெபித்தால் பக்கத்தில் இருப்பவர் மெல்லக் கண்ணைத் திறந்து பார்ப்பார். ஒரு தாளில் "எதுவரைக்கும்" என்று எழுதி, அதன் கீழே உன்னுடையதை எழுது. வேலையைப் பற்றி இருக்கட்டும், தனிமையைப் பற்றி இருக்கட்டும், எங்களைப் பற்றியும் இருக்கட்டும். அழகாக்காதே. தாவீது கடைசி இரண்டு வசனங்களில் நம்பிக்கைக்கும் பாட்டுக்கும் திரும்பிவிடுகிறார். உனக்கு அன்றைக்கே அந்தத் திருப்பம் வராவிட்டால் வராமல் இருக்கட்டும். 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வருவதில்லை. அதையும் 150 சங்கீதங்களில் ஒன்றாக வைத்துத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இரவுக்கு ஒரு சின்னப் பழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார், கழிந்த நாளைத் தேவ சமுகத்தில் திரும்பிப் பார்க்கும் ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தார். நாம் கத்தோலிக்கர் அல்லவே என்று உன் அம்மா முதலில் முகம் சுளித்தாள். இப்போது என்னைவிட ஒழுங்காகச் செய்கிறாள். எனக்கு இதில் பிடித்தது வரிசை. முதலில் அன்று கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். குற்றத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான். நீ எப்போதும் குற்றத்தில் தொடங்கி அங்கேயே படுத்துவிடுகிறாய். நன்றி சொல்லும்போது "எல்லாவற்றுக்காகவும்" என்று மொத்தமாகச் சொல்லாதே. பஸ்ஸில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார் என்றால் அதைச் சொல். அன்று யார்மேலாவது எரிச்சல் இருந்தால் அதையும் அங்கேயே வைத்துவிடு. சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்றுதான் பவுல் எழுதினார். அதற்குள் பதில் மெசேஜ் அனுப்பி ஜெயித்துவிடு என்று எழுதவில்லை.

ஞாயிறு ஆராதனையை ஆன்லைனில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். காய்ச்சல் நாளுக்கு அது போதும். "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று எலியா சொன்னபோது, பாகால் என்கிற அந்நிய தெய்வத்துக்கு முடங்காத முழங்கால்கள் ஏழாயிரம் பேருக்கு உண்டு என்று கர்த்தர் கணக்குச் சொன்னார். கணக்கோடு நிறுத்தாமல், கூடவே நடக்க எலிசாவையும் கொடுத்தார். உனக்கும் ஒரு எலிசா வேண்டும். சபையில் உன் வயதில் ஒருத்தி, அல்லது உன் அம்மா வயதில் ஒருவர், வாரத்துக்கு ஒருமுறை உண்மையாக "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற ஆள். கெத்செமனேயில் ஆண்டவரே மூன்று பேரை அழைத்து, என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு. அவர் கேட்டார்.

கடைசியாக, இதை உரக்கச் சொல்கிறேன். நான் எழுதியிருக்கிற எதுவும் மருந்துக்குப் பதில் அல்ல. தூக்கமின்மையும் காரணமில்லாத அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், இருந்து என்ன பயன் என்கிற நினைவு ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், உடனே மருத்துவரைப் பார். எங்களுக்கும் எந்த நேரமானாலும் போன் பண்ணு. "ஜெபித்தால் சரியாகிவிடும், மாத்திரை எதற்கு?" என்று யாராவது சொன்னால், பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்று அவர்களுக்கு ஞாபகப்படுத்து. 1856இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்கிற புகழ்பெற்ற பிரசங்கியார் பிரசங்கித்துக்கொண்டிருந்த அரங்கில் யாரோ "தீ" என்று பொய்க் கூச்சல் போட, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் மனச்சோர்வு அவரை விட்டு விட்டு வாட்டியது. அதை மறைக்காமல் தம் மாணவர்களிடமும் பேசினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்காதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும். அழகான நோட்டு வாங்கி, கலர் பேனாவில் அட்டவணை போட்டு, இரண்டாம் வாரம் மூடிவைப்பாய். இந்த மாதத்துக்கு இரண்டு போதும்: போன் அடுத்த அறையில், காலையில் மாற்கு ஒரு அதிகாரம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் அதற்கு வட்டி கட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து வாசி.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்துக்கு வந்ததும் எனக்கு எழுது. இறந்துபோன யவீருவின் மகள் உயிரோடு எழுந்தவுடன் இயேசு அங்கிருந்தவர்களிடம் சொன்ன கடைசி வார்த்தையைப் பற்றி உன்னோடு பேச வேண்டும். இப்போதே புரட்டிப் பார்க்காதே.

உன் அம்மா தன் ஜெப நோட்டில் உன் சிநேகிதிகளின் பெயரைச் சேர்க்க வேண்டுமாம். அனுப்பு.

அன்புடன்,
அப்பா