அடியில் மேயும் மீன்களுக்கான மணல், மரக்கட்டைத் தொகுப்பு பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பையில் அச்சிட்டதற்கு மாறான மணலும், பூச்சு பூசிய மரக்கட்டையும் அனுப்பியது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அடியில் மேயும் மீன்களுக்கென்று நீங்கள் விற்கும் மணலும் டிரிஃப்ட்வுட் மரக்கட்டையும் சேர்ந்த தொகுப்பை வாங்கினேன். ரசீது, படங்கள், நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலுக்கு உங்கள் பிரிவு தந்த பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பொருளில் மட்டும் கோளாறு இருந்திருந்தால் மாற்றிக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் விரிவாக எழுத வேண்டியதாகிவிட்டது.

முதலில் மணல். பையில் 'வழுவழுப்பான ஆற்று மணல், தண்ணீரின் தன்மையை மாற்றாது, கோரிடோராஸுக்கும் லோச்சுக்கும் ஏற்றது' என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே அடிமணலில் மேயும் மீன்கள். தண்ணீர் தெளியும்வரை அலசி, நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டேன். புதுத் தொட்டியில் மீனுக்கு நச்சான அமோனியாவையும் நைட்ரைட்டையும் கையாளும் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால் மீன் எதையும் விடவில்லை. நல்லவேளை. குழாயிலிருந்து 7 ஆக வந்த பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு), தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 8.2-இல் போய் நின்றது. பாதித் தண்ணீரை மாற்றினால் இறங்கும். சில நாளில் பழையபடி அங்கேயே போய் நிற்கும்.

சந்தேகம் வந்து ஒரு பிடி மணலை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பாதிக்குமேல் வெள்ளைச் சில்லுகள். உடைந்த கிளிஞ்சல், நடுவில் துளையோடு பவளத் துண்டு, ஒன்றில் குட்டிச் சங்கின் சுருள்கூட முழுசாக இருந்தது. விளிம்பெல்லாம் கண்ணாடிச் சில்லு போலக் கூர்மை. அதன்மேல் வினிகர் ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு கிளம்பியது. கால்சியம் கார்பனேட் கலந்த மணல் என்பதற்கு இதைவிட வேறு சோதனை வேண்டியதில்லை. அது கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மையும் பிஹெச்சும் ஏறத்தான் செய்யும். இதே பையை 'மலாவி, டாங்கனிக்கா ஏரி சிக்லிட்களுக்கு' என்று எழுதி விற்றிருந்தால் நான் குறையே சொல்லமாட்டேன். அந்த ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்கு அப்படிப்பட்ட தண்ணீர்தான் வேண்டும்.

கோரி என்று சுருக்கமாகச் சொல்லும் கோரிடோராஸின் கதை வேறு. அது தீனி தேடும் விதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மூக்கை மணலில் புதைத்து, வாய் நிறைய அள்ளி, தின்பதை மட்டும் நிறுத்திக்கொண்டு மணலைச் செவுள் வழியாகப் புஸ்ஸென்று வெளியே விடும். நாள் முழுக்க இதே வேலைதான். கிளிஞ்சல் சில்லும் சங்குத் துண்டும் அந்தச் செவுள் வழியாகத்தான் போய்வர வேண்டும். வாயோரத்து மீசைதான் அதற்கு மண்ணுக்குள் இருக்கும் தீனியைக் காட்டிக் கொடுக்கிறது. கரடுமுரடான தரையில் அது சிவந்து, புண்ணாகி, தேய்ந்து குட்டையாகிவிடும். அழுக்குத் தரையும் அதைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் என் தொட்டியில் அழுக்குச் சேர இன்னும் மீனே வரவில்லையே.

கோரிகள் பெரும்பாலும் தென் அமெரிக்காவின் கடினத்தன்மை குறைந்த நீரோடைகளைச் சேர்ந்தவை. பண்ணையில் பிறந்தவை கொஞ்சம் கடினமான தண்ணீரையும் தாங்கும், அதை மறுக்கவில்லை. அமோனியாதான் பெரிய கவலை. ஒரே அளவு அமோனியா இருந்தாலும், பிஹெச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அதன் நச்சுப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. புதிதாகத் தொட்டி வைப்பவர்தான் இப்படித் தொகுப்பாக வாங்குவார். அவர் தொட்டியில்தான் அமோனியாவும் தலைகாட்டும்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். 'மரக்கட்டையிலிருந்து டானின் இறங்கும், அது பிஹெச்சைக் குறைக்கும், ஆகவே பிஹெச் ஏற வாய்ப்பில்லை, உங்கள் டெஸ்ட் கிட் காலாவதியாகியிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டின் தேதி தெரியும்படி படம் இணைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து ஊறித் தண்ணீரைப் பழுப்பாக்கும் டானின் கொஞ்சம் அமிலத்தன்மை தரும், சரி. ஆனால் தரை முழுக்கச் சுண்ணாம்பாகக் கிடக்கும்போது அந்தக் கொஞ்சத்தை அது விழுங்கிவிடும்.

அதிலும், உங்கள் கட்டையிலிருந்து டானின் இறங்கவே இல்லை. வாளியில் ஊறப்போட்டு நாள்கணக்காகியும் தண்ணீர் நிறம் மாறவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. நகத்தால் சுரண்டினால் மெல்லிய, பளபளப்பான தோல் போல ஒன்று உரிந்து வந்தது. வார்னிஷா, வேறு ஏதாவது பூச்சா, தெரியவில்லை. அட்டையிலும் ஒரு வார்த்தை இல்லை. புதுக் கட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை படரும், தண்ணீர் பழுப்பாகும், முதலில் மிதக்கும். இதெல்லாம் கட்டை வைப்பவர் பொறுத்துக்கொள்கிற விஷயங்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்று நீங்களே பூசி அனுப்பினால் எப்படி? அட்டைப் படத்தில் இந்தக் கட்டைமேல் ஒரு பிரிஸ்ட்டில்நோஸ் பிளெகோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளெகோ கட்டையைச் சுரண்டித் தின்னும் மீன் என்பது அதை வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பூச்சு அதன் வயிற்றுக்குள் போகும்.

கூடவே வந்த துண்டுப் பிரசுரத்தில் 'மணல் 10 சென்டிமீட்டர் இருந்தால் லோச் நன்றாகப் புதையும்' என்று வேறு எழுதியிருக்கிறது. கூலி லோச் என்ற வகை புதைய அதில் பாதிகூட வேண்டாம். அவ்வளவு ஆழமாகப் போட்டால் அடியில் ஆக்ஸிஜன் எட்டாத இடங்களில் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரலாம். அதிக மணல் விற்கும் என்பதைத் தவிர இந்த அறிவுரையில் வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். தொகுப்புக்கு நான் கட்டிய முழுத் தொகையையும், அனுப்பும் செலவையும் சேர்த்து, 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். மாற்றுப் பொருள் வேண்டாம். கட்டைமேல் பூசியது என்ன என்று எழுத்தில் தெரிவியுங்கள். மணல் எதனால் ஆனது, அதன் பருமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதைப் பையிலேயே அச்சிடுங்கள். அதுவரை 'கோரிடோராஸுக்கு ஏற்றது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள். அவர்களில் சிலர் மீனை விட்டிருப்பார்கள், மீசை ஏன் தேய்கிறது என்று புரியாமல் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கவும் கூடும்.

டெஸ்ட் கிட்டைக் குறை சொல்லும் இன்னொரு பதில் வந்தால், இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்கு அனுப்பிவிடுவேன்.

பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால் சொல்லுங்கள். கட்டை காய்ந்து தயாராக இருக்கிறது. மணல் இன்னும் ஈரம், எடை கூடுதலாக வரும். அந்தக் கூரியர் செலவும் உங்களுடையதுதான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, மணலின் படங்கள், வினிகர் சோதனை வீடியோ, உரிந்த பூச்சின் படம், டெஸ்ட் கிட் அட்டை, தங்கள் மின்னஞ்சல்