கைத்துப்பாக்கி உறைக்கு செல்போன் பவுச் அளவு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த உரிமத் துப்பாக்கிகள் திரும்பி வந்ததும், மதுரையில் தோல் வேலை செய்பவர்களிடம் "பாக்கெட்டுக்கு அடக்கமா ஒரு உறை தைச்சுக் குடுங்க" என்று நாலு பேர் வருவது வழக்கம். கொண்டு வரும் மாதிரி பெரும்பாலும் செல்போன் பவுச்தான். மெத்தென்ற தோல், மேலே ஒரு மூடி, காந்தப் பட்டன். அதைப் பார்த்துத் தைத்துக் கொடுப்பதும் தப்பு, வாங்கிப் போவதும் தப்பு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போவதானால் அதற்கென்று செய்த உறையில், முழுக்க மூடியபடி இருக்க வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தொடை நம்முடையது.

மெத்தென்ற தோலில் என்ன கோளாறு? துப்பாக்கியை எடுத்ததும் உறையின் வாய் அமுங்கிவிடும். திரும்பச் செருகும்போது அமுங்கிய விளிம்பு மடிந்து டிரிகர் வளையத்துக்குள் நுழையும். மேலிருந்து அழுத்தினால் விரல் செய்யும் வேலையைத் தோல் செய்துவிடும். அதனால் வாயைச் சுற்றி இன்னொரு தோல் துண்டைப் பட்டையாக ஒட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்தே ஆக வேண்டும்.

தோல் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் நனைத்து அழுத்தினால் வடிவம் பிடிக்காது. மிஞ்சியிருக்கும் உப்பு இரும்பையும் அரிக்கும். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். திண்டுக்கல்லில் பட்டைத் தோல் கிடைக்கும் என்றாலும் ஆட்டுத்தோல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசு. உள்ளே ஒட்டலாம், உறையாக நிற்காது. 2 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோலையோ எருமைத்தோலையோ கேட்டு வாங்குங்கள். சொரசொரப்பான பக்கம் வெளியே, வழுவழுப்பு உள்ளே. பார்க்க அழகில்லை என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆனால் அந்தச் சொரசொரப்புதான் பாக்கெட் துணியைப் பிடித்து, துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து வராமல் தடுக்கிறது. கீழ்ப்பக்கத்தில் காது மாதிரி ஒரு நீட்டலும் விட்டால், இழுக்கும்போது அது பாக்கெட் வாயில் மாட்டி உறையை நிறுத்தும்.

அளவெடுக்கும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். துப்பாக்கியைப் பட்டறையில் விட்டுப் போகச் சொல்லாதீர்கள். உரிமம் இல்லாதவர் கையில் அது ஒரு ராத்திரி இருந்தாலும் வழக்கு. உரிமையாளரே குண்டுகளை எடுத்து வேறு மேசையில் வைத்து, ரிவால்வரில் குண்டுகள் நிற்கும் உருளையான சிலிண்டர் காலி என்று காட்டிவிட்டு, தாளின் மேல் அவரே பிடித்துக்கொள்ளட்டும். நாம் சுற்றிக் கோடு போட்டு, குழல், சிலிண்டர், பிடி மூன்றின் தடிமனையும் குறித்துக்கொண்டால் போதும். செருப்புக்கு அச்சுக்கட்டை வைத்திருப்பவர்களுக்கு, இந்த அளவில் ஒரு மரக்கட்டை செதுக்கிக்கொள்வது பெரிய வேலையில்லை.

தையல் கோடு, வரைந்த கோட்டிலிருந்து துப்பாக்கியின் தடிமனில் பாதியோடு தோலின் தடிமனையும் கூட்டிய தூரத்தில் வர வேண்டும். சிலிண்டர் 34 மில்லிமீட்டர் என்றால் 17-ம் 2-ம் சேர்த்து 19. குறைந்தால் துப்பாக்கி இறங்காது, கூடினால் கடகடக்கும். விளிம்புக்கு இன்னும் 6 மில்லிமீட்டர். சொல்யூஷன் போட்டு ஒட்டி, குத்தூசியால் 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூலால் இரண்டு ஊசி வைத்துக் கையில் தையுங்கள். மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையே விடும். பருத்தி நூல் நம் ஊர் வேர்வையில் இற்றுப்போகும். முடிவில் மூன்று தையல் திரும்பி வந்து நிறுத்துங்கள்.

அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் நிமிடம் முக்கி எடுத்து, மேல்நிறம் பாதி திரும்பும்வரை பொறுத்து, கட்டையைச் செருகி விரலாலும் கரண்டிக் காம்பாலும் அழுத்த வேண்டும். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் அச்சு நிற்காது. காய்வதற்கு நிழலில் ஒரு முழு நாள். சித்திரை வெயில் அடிக்கிறதே என்று மொட்டை மாடியில் போட்டால் அப்பளமாகிவிடும். காய்ந்த பிறகு விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகு பூசுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள், தோல் திரும்பவும் துவண்டுவிடும்.

வாங்குபவர் காலித் துப்பாக்கியைச் செருகி, மெத்தை மேல் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்க்கட்டும். விழக்கூடாது. டிரிகரின் ஒரு நுனிகூட வெளியே தெரியக்கூடாது. குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் ஹேமர் வெளியே தெரியும் ரிவால்வருக்கு, அது துணியில் மாட்டாதபடி பின்பக்கத் தோலை உயர்த்தி வெட்டியிருக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பதிலும் தகராறு உண்டு. கான்பூரில் 2014-ல் வந்த .32 நிர்பீக் ரிவால்வர் சுமார் 500 கிராம். பட்டாபட்டி டிரவுசரின் பை அந்தக் கனத்துக்கே தொங்கிப்போய், உறை குறுக்கே திரும்பிக்கொள்ளும். வேட்டி மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பையில் சில்லறையும் சாவியும் கிடக்கும். உறை போட்டாலும் அங்கே வேண்டாம். அழுத்தமான துணியில் தைத்த பேன்ட்டின் முன்பை, அதில் வேறு எதுவுமே இல்லாமல். திரும்ப வைக்கும்போது உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியைச் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்து உள்ளே விடுங்கள். பைக்குள் இருக்கும் உறையில் குருட்டாம்போக்கில் செருக வேண்டாம்.

வீட்டில் உறையோடு பூட்டி வைக்காதீர்கள். பட்டைத் தோலிலும் அமிலம் உண்டு. வேர்வை ஈரமும் சேர்ந்தால் சீக்கிரமே துரு பூக்கும். அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும்போதும், உறையைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணெய்த் துணியால் துடைத்த துப்பாக்கியை மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இப்படிக்கு,
தோல் வேலை செய்வோர் சிலர்,
மதுரை.