உதயகிரிக் கோட்டையில் பேய் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேய் உலாவும் பழைய கோட்டைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குமரி மாவட்டத்தில் எங்கள் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள். "உச்சி நேரத்துல கோட்டைக்குள்ள போவாத மக்கா, அடிச்சிரும்" என்று பாட்டா சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டதால், இத்தனை வயதுக்கும் நான் உள்ளே போனதில்லை. போன மாதம்தான் மகள் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள்.

மரங்களுக்கு நடுவே இடிந்து நிற்கும் சிறு கிறிஸ்தவக் கோயில். அதற்குள் டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி. அப்புறம் அதே மன்னரின் படையைப் பழக்கி, இங்கேயே பீரங்கி வார்த்து, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆனவர். 1777-இல் இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. 'வழிப்போக்கனே, நில்' என்றுதான் லத்தீன் வாசகம் தொடங்குகிறதாம். நான் நின்றுவிட்டேன். பக்கத்திலேயே அவர் மனைவி. களக்காட்டுச் சண்டையில் 19 வயதில் இறந்த மகன். அந்தத் தாய்க்குச் செய்தி எந்த வேளையில் வந்திருக்கும்? உலைக்களச் சத்தம் அன்றைக்காவது நின்றிருக்குமா?

அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை டிலனாயிடம் மனக்குறை சொல்லி, பைபிளில் வரும் யோபுவின் கதையைக் கேட்டது அதற்கும் பல ஆண்டுகள் முன்னால். அவர்தான் 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம். இருவரும் எந்த மொழியில் பேசியிருப்பார்கள் என்று யோசித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயமே வரவில்லை. தொண்டைதான் அடைத்தது.

பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு வண்டி வண்டியாகப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில், கோட்டை நம் வனத்துறையின் பூங்காவாக. 1956 வரை இரண்டும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. அந்தப் பிள்ளைகளை இங்கேயும் அழைத்து வாருங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். லத்தீன் வாசகத்தின் பொருளைப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகையாகக் கல்லறை அருகே வைக்க வேண்டும். தாயையும் மகனையும் பற்றி அதில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தக்கலை வாசகி