குழி வெட்டியது யார் என்று கேட்ட பெரியவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய கெட்டிஸ்பர்க் போரைப் பற்றி ஜூலை முதல் ஞாயிறன்று தாராவியில் பேசினேன். இடம் தருவதாகச் சொன்னவர்கள் முதல் நாள் இரவு ஏழு மணிக்குக் கைவிரித்துவிட்டார்கள். யாரென்று எழுதப் போவதில்லை. இது நன்றி மடல். ஒன்பது மணிக்குள் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கத்திலுள்ள தன் தையல் கூடத்து மாடியை ஒழித்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு முதல் வணக்கம். சட்டை மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் பாதிப் பேர் கேட்டார்கள்.

கும்பார்வாடாவிலிருந்து களிமண் சுமந்து வந்த பிள்ளைகள், வடக்குப் படை நின்ற தூண்டில் முள் வடிவ மேட்டை அச்சு அசலாகப் பிடித்திருந்தார்கள். மழை ஈரத்தில் காயாத லிட்டில் ரவுண்ட் டாப் குன்று மட்டும் பேச்சின் நடுவே பொதுக்கென்று சரிந்தது. 1863 ஜூலை 2 அன்று தெற்குத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படையால் பிடிக்க முடியாத குன்று அது!

போர் நடந்த மூன்று நாளில் இரு தரப்பிலும் இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் எல்லாமாக ஏறத்தாழ 51,000 பேர். ஆளுக்கு ஓர் அரிசி என்று காட்டலாம் என்றார் மளிகைக்கடை அக்கா. ஆயிரம் அரிசியை எண்ணி, நகைத் தராசில் நிறுத்து, ஐம்பத்தொன்றால் பெருக்கினார். அம்பாரமாகக் குவியும் என்று நினைத்திருந்தேன். ஒரு கிலோகூட வரவில்லை. ஒரே முறத்தில் அடங்கிவிட்டது. "எங்கள் வீட்டுக்கு இரண்டு வேளைக்குக் காணாது" என்றார். அதற்கு மேல் சற்று நேரம் என்னால் பேச முடியவில்லை.

பிறகு ஜூலை 3 அன்று திறந்தவெளியில் தெற்குப் படையினர் ஏறக்குறைய 12,500 பேர் பீரங்கிகளை நோக்கி நடந்ததையும், அவர்களில் பாதிப் பேர் வீழ்ந்ததையும் சொன்னேன். மறுநாள் மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்கின் கோட்டையான விக்ஸ்பர்க்கும் வீழ்ந்தது. வடக்கே அவ்வளவு பெரிய படையெடுப்பை தெற்குப் படைத் தலைவர் லீயால் மறுபடி நடத்த முடியவில்லை. ஆனாலும் உள்நாட்டுப் போர் முடிய 1865 ஆயிற்று. லீயின் படை வழியில் அகப்பட்ட சுதந்திரக் கறுப்பினத்தவரைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக அனுப்பியது என்றபோது கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அப்போதுதான், சுடுகாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் கேட்டார்: "இத்தனை பேருக்கும் குழி வெட்டியது யார்?"

தளபதிகளின் பெயரெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த நான் திருதிருவென்று விழித்தேன். ஐயா, வீட்டுக்குப் போய்ப் படித்தேன். கடனை இங்கே அடைக்கிறேன்.

ஊர்க் கல்லறைத் தோட்டக் காவலர் படைக்குப் போயிருந்தார். அவர் மனைவி எலிசபெத் தோர்ன், ஆறு மாதக் கர்ப்பிணி, வயதான தந்தையோடு ஜூலை வெயிலில் ஏறக்குறைய நூறு பேரைப் புதைத்தார். மற்றவர்களைக் கிடந்த இடத்திலேயே அவசரமாக மூடியிருந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் வடக்கு வீரர்களைத் தோண்டி எடுத்துத் தேசியக் கல்லறைக்கு மாற்றும் வேலையை, உடலுக்கு 1.59 டாலர் என்று ஒருவர் ஏலம் எடுத்தார். (ஒப்பந்தக்காரர்கள் எந்த ஊரிலும் உண்டு.) மண்வெட்டி பிடித்தவர்கள் பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயியும் அவர் கூட்டிவந்த ஆட்களும். நவம்பர் 19 அன்று லிங்கன் அங்கே இரண்டு நிமிடம் பேசியபோதும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை. 1864 மார்ச்சுக்குள் 3,300க்கும் மேற்பட்ட உடல்களை மாற்றினார்கள். லிங்கனின் பேச்சைப் பிள்ளைகள் பள்ளியில் ஒப்பிக்கிறார்கள். பிக்ஸின் பெயரை எனக்குத் தேட வைத்தது நீங்கள்தான்.

தேநீர் வருவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். தெரிந்தவர் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருடைய குடை அண்ணாச்சியிடம் இருக்கிறது.