இரண்டாம் பருவ நிறைவும் விடுமுறை நாள்களும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் டிசம்பர் 23-ஆம் தேதியோடு முடிகிறது. தேர்வுகள் குறித்தபடி நடந்து முடிந்தன. விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கையில் வரும். பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள். கலைத் திருவிழாவிலும் குறுவட்ட விளையாட்டுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள். சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் முன்னேற்றம் தெரிகிறது. மாணவியர் கழிப்பறைக் கதவு ஒருவழியாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது. அனைவருக்கும் பாராட்டு.

இனி இந்தக் கடிதத்துக்குக் காரணமான செய்தி.

சில வாரங்களாக, அதிலும் வெள்ளிக்கிழமைகளில், சில பிள்ளைகள் சத்துணவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை டிபன் டப்பாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். முட்டையை உரிக்காமல் ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துக்கொள்வதும் நடக்கிறது. எந்தப் பிள்ளை, எந்த வகுப்பு என்று இங்கே எழுதப்போவதில்லை. அது திருட்டும் அல்ல. வீட்டில் தம்பிக்கோ ஆத்தாவுக்கோ கொடுக்கத்தான் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

ஆனாலும் அப்படியே விட முடியாத காரணங்கள் இரண்டு உண்டு. சத்துணவு அன்றைய வருகைக் கணக்குப்படி அளந்து சமைப்பது: 5-ஆம் வகுப்பு வரை ஆளுக்கு 100 கிராம் அரிசி, 6 முதல் 8 வரை 150 கிராம். பாதியைக் கட்டிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை அரை வயிறாகத்தான் மதிய வகுப்பில் உட்காருகிறது. அடுத்தது, பன்னிரண்டரை மணிக்குச் சூடாக அடைத்த சாம்பார் சாதம் பிளாஸ்டிக் டப்பாவில் வேர்த்து, வீடு போய்ச் சேரும் நான்கரை மணிக்கெல்லாம் நூல் விட ஆரம்பித்துவிடும். அதைக் கைக்குழந்தைக்கு ஊட்டினால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அவித்த முட்டையும் நெடுநேரம் தாங்காது.

இப்போது பத்து நாள் விடுமுறை வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று வேளையும் சோறு என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோ அரிசி ஆகும். கடையில் வாங்கிய 20 கிலோ பதின்மூன்று நாளில் தீர்ந்துவிடும். மற்ற நாள்களில் பிள்ளைகளின் ஒரு வேளையைப் பள்ளி தாங்குகிறது, 5-ஆம் வகுப்பு வரை காலை உணவும் இருக்கிறது. விடுமுறை விழுவதோ சரியாக மாதக் கடைசியில். நடவும் அறுப்பும் இல்லாத நேரம்; நூறு நாள் வேலைக் கூலியும் வரும்போதுதான் வரும். 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகளுக்கோ காலை உணவு கிடையாது. இறைவணக்கத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஆகவே விடுமுறைக்கு முன்பே செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் மாதத்து ரேஷன் அரிசியை இன்னும் வாங்காதவர்கள் 23-ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். வாங்காத அரிசி மாதம் முடிந்தால் போனதுதான். பொங்கல் தொகுப்பு அறிவித்தால் அது தனி. இந்த மாத அரிசி அதில் சேர்ந்து வராது. கையில் காசில்லை என்று கடைக்கே போகாமல் இருக்கிறீர்கள். அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாதது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவற்றைக் காசு வந்தபின் அதே மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம். "அரிசி மட்டும் போடுங்கள்" என்று சொல்லுங்கள். உப்பு பாக்கெட்டும் டீத்தூளும் எடுத்தால்தான் அரிசி என்று யாராவது சொன்னால் அப்படி ஒரு விதியே இல்லை. பில்லை வாங்கிப் பாருங்கள். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலும், கடையில் தர மறுத்தாலும் 1967 அல்லது 1800 425 5901 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

கைரேகை விழவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் அதிகம். சூளை வேலையும் சிமெண்ட் வேலையும் பார்ப்பவர்களுக்கு விரல் தேய்ந்துபோகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வேறு விரலை வையுங்கள். அட்டையில் பேர் உள்ள வேறு யார் வைத்தாலும் போதும். கருவிழிக் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டில் நடக்க முடியாத பாட்டி மட்டும் இருக்கிறார் என்றால், வேறொருவர் வாங்கிவர அங்கீகாரச் சான்றுப் படிவம் கடையிலேயே உண்டு; ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் அலைச்சல் இல்லை.

பொங்கல் கழிந்து கரும்பு வெட்டவும் சூளைக்கும் வெளியூர் போகிற குடும்பங்கள் கவனிக்க வேண்டியது: தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடையிலும் உங்கள் அட்டைக்குப் பொருள் வாங்கலாம். பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு அரிசி முழுவதையும் நீங்கள் அங்கே வாங்கிவிட்டால் இங்கே அடுப்பு எரியாது. யார் எங்கே வாங்குவது என்பதைக் கிளம்பும் முன் பேசி முடிவு செய்யுங்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் இது பொருந்தும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் உங்கள் ஊர் அட்டைக்குரிய அரிசியை இங்கே வாங்கலாம். அட்டை கையில் இல்லாவிட்டாலும் அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ போதும். உங்கள் பங்கை மட்டும் இங்கே வாங்கிக்கொண்டு மீதியை ஊரில் இருப்பவர்களுக்கு விட்டுவைக்கவும் முடியும்.

அட்டையே இல்லாதவர்களும் நம் பள்ளியில் இருக்கிறார்கள். புது அட்டைக்குப் போட்ட மனு தள்ளுபடியாவதற்கு முக்கியக் காரணம், பெண்ணின் பேர் இன்னும் தாய்வீட்டு அட்டையில் இருப்பது. முதலில் அங்கே பெயர் நீக்கச் சான்று வாங்குங்கள். அடுத்தது தனிச் சமையல். விசாரணைக்கு வருகிறவர் அடுப்பைத்தான் பார்ப்பார். ஒரே வீட்டில் மாமியாரோடு சேர்த்துச் சமைத்தால் ‘தனிச் சமையல் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கணவர் விட்டுப்போய், அட்டையும் அவரிடம் என்றால் இணையத்தில் முட்டி மோத வேண்டாம். வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் மனுக் கொடுங்கள். சம்பாதிக்க ஆளில்லாத வீடு, ஆதரவற்ற விதவை, மாற்றுத்திறனாளி குடும்பத் தலைவராக உள்ள வீடு என்றால் மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டையாக மாற்றித்தரக் கேட்டும் எழுதுங்கள். அதற்கு மாதம் 35 கிலோ அரிசி. ஆனால் இதெல்லாம் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் இழுக்கும். நாளைக்கு உலை வைக்க இது உதவாது.

நாளைக்கு என்றால் வழிகள் வேறு. விடுமுறையில் மூடுவது பள்ளிதான். அரசு விடுமுறை நாள் தவிர அங்கன்வாடி வழக்கம்போல் நடக்கும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே மதியச் சோறு உண்டு. ஆறு மாதம் கடந்த கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு உண்டு. இதுவரை பேர் பதியாதவர்கள் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். சமயபுரம், ஸ்ரீரங்கம் கோயில்களில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. அட்டை, ஆதார் எதுவும் கேட்பதில்லை. அம்மாமார்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமும் இல்லை. திருச்சியில் ஆஸ்பத்திரி வேலையாக அலைகிறவர்களுக்கு அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. பெரியவர்கள் யாரும் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் பட்டினி கிடப்பதாகத் தெரிந்தால் இரவானாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தாலும் வருவார்கள்.

இது தவிர, பள்ளி மேலாண்மைக் குழு இந்த முறை விடுமுறைப் பை கொடுக்க முடிவு செய்திருக்கிறது. 5 கிலோ புழுங்கல் அரிசி, 1 கிலோ துவரம்பருப்பு, அரை கிலோ கொண்டைக்கடலை, அரை லிட்டர் எண்ணெய், உப்பு, புளி, மிளகாய்த்தூள். பத்து நாளுக்குக் காணாதுதான்; மேலே சொன்னவற்றோடு சேர்ந்தால் ஓட்டிவிடலாம். தேவைப்படுகிறவர்கள் வகுப்பாசிரியரிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ என்னிடமோ "பை வேண்டும்" என்ற இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், பதிவேட்டில் காரணத்துக்கான கட்டமே கிடையாது. 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு மேல், பிள்ளைகள் போன பிறகு, பின் வாசல் வழியாக வந்து பெரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் சோற்று டப்பாவைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே சிரிப்புப் பொம்மைகள் வேறு. அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. படம் அழிக்கப்பட்டுவிட்டது, ஆனால் எட்டுப் பேர் சிரித்தது அழியவில்லை. இன்னொரு முறை நடந்தால் அந்தக் குழு அன்றே மூடப்படும், போட்டவர் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். பை கொடுப்பவர்களும் கொடுக்கும்போது படம் எடுக்கக் கூடாது. எடுத்தால் பை திருப்பித் தரப்படும்.

அடுத்தது, ரேஷன் அட்டையை வட்டிக்கு அடகு வைப்பது. மாதாமாதம் உங்களையே கடைக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைக்கச் சொல்லி அரிசியைக் கொண்டுபோகிற ஆள் உங்கள் பிள்ளையின் தட்டிலிருந்துதான் எடுக்கிறார். அட்டை அவரிடமே இருந்தாலும், ஆதார் எண்ணோடு நீங்கள் தனியாகப் போய்க் கைரேகை வைத்தால் அரிசி உங்களுக்குத்தான். இ-சேவை மையத்தில் நகல் அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். ரேஷன் அரிசியை விற்பதும் குற்றம். அதை வாங்குகிறவருக்கும் வழக்கு உண்டு.

கணவரை இழந்தோ பிரிந்தோ பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கும், பெற்றோர் கொடிய நோயில் இருக்கும் வீட்டுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உடனே வராது, அதனால்தான் இப்போதே மனுப் போடச் சொல்கிறேன். படிப்புச் சான்று கேட்ட அன்றே கையெழுத்தாகும்.

கடுமையாக எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். போன வாரம் அமைப்பாளர் அம்மாவும் சமையலர்களும் கேட்காமலே முதல் பைக்கான அரிசியைக் கொண்டுவந்து வைத்தார்கள். காலை உணவு சமைக்கும் சுய உதவிக் குழுச் சகோதரிகள் புளியும் மிளகாய்த்தூளும் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பேர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட பெற்றோர் சிலரும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி

பி.கு.: பைக்குப் பொருள் தர விரும்புவோர் 20-ஆம் தேதிக்குள் அலுவலக அறையில் கொடுங்கள். பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும், தேதியைப் பார்த்து வாங்குங்கள். பிஸ்கட், பழைய துணி வேண்டாம். பருப்புதான் குறைகிறது.