தோஷிஜிமா பார்த்துவந்து மகனுக்கு எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய ‘நலம்’ என்ற ஒற்றைச் சொல் கிடைத்தது. இங்கே ஜப்பானில், நகோயா நகரத்துச் செய்திகளை அக்கா சொல்லியிருப்பாள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்வந்த தீவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தோபா வரை கின்டெட்சு ரயிலில் போய், துறையில் நகராட்சிப் படகு ஏறினால் அரை மணிக்குள் தோஷிஜிமா வந்துவிடுகிறது. இஸே வளைகுடா வாயிலில் உள்ள மீனவர் தீவு அது. வழிகாட்டியாக வந்தவர் அந்தத் தீவில் வாழ்க்கைப்பட்ட பெண்மணி. என் வயதுதான் இருக்கும். அவர் சொல்வதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தார். ஊர் முழுவதும் சந்துகள்தாம். குடை பிடித்தபடி இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். வாகனம் நுழையாததால் வீட்டுக்கு வீடு வாசலில் கைவண்டி நிற்கிறது. வலையும் மீனும் மளிகையும் அதில்தான் போகின்றன. கதவுகளிலும் படகுகளிலும் வட்டத்துக்குள் எட்டு என்ற அவர்களுடைய எழுத்தைக் கரியால் எழுதியிருக்கிறார்கள். ஹச்சிமன் கோயில் திருவிழாவில் அந்தக் கரிக்காக ஆண்கள் முண்டியடித்து, மீன்பாடு பெருகவும் வீடு நலமாக இருக்கவும் வேண்டி எழுதுவார்களாம். குழந்தை ஒவ்வொரு எட்டையும் தொட்டுப் பார்த்துக் கையைக் கரியாக்கிக்கொண்டது.

நான் உனக்குச் சொல்ல நினைத்தது நெயாகோ என்ற வழக்கத்தைத்தான். நடுநிலைப் பள்ளி முடித்த ஒத்த வயதுப் பையன்கள் சிலர் சேர்ந்து, ஊரில் மதிப்புள்ள ஒரு தம்பதியின் வீட்டில் இரவு தூங்கப் போவார்கள். சாப்பாடு சொந்த வீட்டில், உறக்கம் அங்கே. பெற்றவர்களிடம் சொல்லக் கூசுவதை, அது வேலையில் வந்த இடறலாக இருந்தாலும் பெண் விஷயமாக இருந்தாலும், அந்த வீட்டில் சொல்லலாம். திருமணத்திலும் அவர்களே முன்நிற்பார்கள். இருபத்தாறு வயதுவாக்கில் கூட்டம் கலைந்தாலும் கூடப் படுத்தவர்கள் ஆயுள் முழுவதும் உடன்பிறந்தவர்கள் போலத்தான். 1985இல் தோபா நகராட்சி இதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. மேற்படிப்புக்காகப் பிள்ளைகள் தீவை விட்டுப் போவதால் இப்போது வாரக் கடைசியிலும் விடுமுறையிலும்தான் நடக்கிறதாம். பெற்ற தாய்க்கு இது வருத்தமாக இராதா என்று வழிகாட்டிப் பெண்மணியிடம் கேட்டேன். என் பையன் அவர்கள் வீட்டில் பேசுகிறான், இன்னொருத்தி பையன் என் வீட்டில் பேசுகிறான், பேசாமல் இருந்தால்தானே வருத்தம் என்று அவர் சிரித்தார்.

பிறகு ஒரு குன்றின்மேல் ஏறினோம். குகி யோஷிதகா என்ற கடற்படைத் தலைவரின் தலையை அங்கே புதைத்திருக்கிறார்கள். உடல் கீழே வேறிடத்தில். 1600ஆம் ஆண்டு செகிகஹரா போரில் தகப்பன் ஒரு பக்கம், மகன் மோரிதகா எதிர்ப்பக்கம். தகப்பனின் தரப்பு தோற்றபின் மகன், வென்ற தரப்பின் தலைவரான தொகுகவா இயேயாசுவிடம் மன்றாடி மன்னிப்பு வாங்கிவிட்டான். அந்தச் செய்தி வந்து சேருமுன்பே, இனி வழியில்லை என்று நினைத்து, தகப்பன் இந்தத் தீவில் உயிரை மாய்த்துக்கொண்டார். மாப்பிள்ளை இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அங்கே நிற்க முடியவில்லை. கால் வலி என்று சொல்லி முதலில் இறங்கிவிட்டேன்.

உன்னிடம் நான் எதையும் கேட்கப் போவதில்லை. பதினேழு வயதில் துணைக்கு ஆள் வேண்டாமென்று கலந்தாய்வுக்குத் தனியே போய் இடம் வாங்கி வந்தவன் நீ. அதை இன்றும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படிப்பட்டவன் பொங்கலுக்கு வராததற்குச் சொன்ன காரணத்தை உன் அப்பா நம்பிவிட்டார். அலுவலக எண்ணில் அழைத்தால் வேறு யாரோ எடுப்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. எங்களிடம் பேச வேண்டாம், பரவாயில்லை, யாரிடமாவது பேசு. அக்காவிடம் பேசு. அவளிடமும் முடியாதென்றால் மாமாவிடம் பேசு. சைக்கிள் விஷயத்தை அவர் இத்தனை வருடம் கட்டிக் காத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வேளைக்குச் சாப்பிடு. யாரிடமாவது பேசு.

மாமா இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பார். நீ பேசியது எதையும் என்னிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நானும் கேட்க மாட்டேன். நீ அழைத்தாயா என்பதை மட்டும் கேட்டுக்கொள்வேன்.

அம்மா